டாக்டர் குருவம்மாள்

1

எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் துறையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அறிமுகக் கூட்டம் நடக்கும். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த சர்ஜன்களை மேடைக்கு அழைத்து, திரையில் ஒரு படம் போட்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசி, கைதட்டி உட்காரவைப்பார்கள். படித்தது எங்கே, எதில் தேர்ச்சி, வேலைக்கு வெளியே என்ன பிடிக்கும் என்ற மூன்று விஷயங்கள் போதும். ஒருவர் மீன் பிடிப்பார், இன்னொருவர் மாரத்தான் ஓடுவார். எட்டு மணிக்கெல்லாம் கத்தியைக் கையில் எடுக்கவேண்டியவர்கள் என்பதால் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை.

பதினோரு வருடமாக அந்த அறிமுகத்தைச் செய்பவன் நான். இந்த வேலை எனக்கு வந்ததற்குக் காரணம், மற்றவர்கள் அதை வேண்டாம் என்றதுதான். ஆனால் துறைத் தலைவர் அதை வேறு மாதிரிச் சொல்வார்: "வெளிநாட்டுப் பெயர்களைச் சரியாக உச்சரிக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை." இப்படிச் சொல்பவர் இருபத்தாறு வருடமாக என்னை "டாக்டர் சோலோ" என்றுதான் கூப்பிடுகிறார். என் பெயர் பரமசிவம். அப்பா பெயர் சோலைமுத்து. விசா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடக்கூடாது என்றார்கள். அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து அவர் பெயர்தான் என் வெள்ளைக் கோட்டில் தைத்திருக்கிறது. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்திய ஒருவரின் பெயரை, சோளக் காட்டுக்கு நடுவே இருக்கும் இந்த அமெரிக்க ஊரில் நர்ஸுகள் தினமும் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள்.

இந்த வருடம் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். நான்காவது பெயரில்தான் அலுவலகத்தில் குழப்பம் வந்தது.

2

எங்கள் அலுவலகத்தில் ஆள்சேர்ப்பைக் கவனிப்பவர் கேரல் என்ற அம்மாள். ஆகஸ்டில் ஒருநாள் என் அறைக்கு வந்து, "குருவம்மாள் என்பது முதல் பெயரா, கடைசிப் பெயரா?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் காளீஸ்வரி என்றும் குருவம்மாள் என்றும் இரண்டு கட்டங்களில் இருந்தன. கை அறுவை சிகிச்சையும் தீக்காயமும் பார்க்கும் சர்ஜன். திருநெல்வேலியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். நேர்முகத்துக்கு வந்த அன்று நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன். தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் கைகுலுக்கி ஆங்கிலத்தில் பேசியதோடு சரி. திருநெல்வேலிக்காரர் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அறிமுகத்துக்கு விவரம் கேட்டு அவருக்குப் போன் செய்தபோது தமிழில் பேசினேன்.

"உங்க பேரு காளீஸ்வரிதான? குருவம்மாள்ங்கிறது அப்பா பேரா இருக்க முடியாதே. ஆபீஸ்ல மாத்திப் போட்டுட்டாங்களா?"

"இல்ல சார், சரியாத்தான் போட்டிருக்காங்க. அது எங்க அம்மா பேரு. என் இனிஷியல் அம்மாவோடது."

"சொந்த ஊர் திருநெல்வேலியா?"

"எம். புதுப்பட்டி."

எம். புதுப்பட்டிக்கு எங்கள் கம்பெனி வண்டி போகும். காலை ஏழு மணிக்கு அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு நாரணாபுரம் பக்கம் வந்து இறக்கும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. வேலைக்கு வெளியே என்ன பிடிக்கும் என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்டேன்.

"அம்மாவோட கையப் பாத்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். அதச் சொல்லுங்க. ஆனா வெடிக்கிற மாதிரி, பூ விழுற மாதிரி படம் ஒண்ணும் போட வேண்டாம்."

"கைக்கு என்ன?"

"கம்பெனியில வெடிமருந்து பத்திக்கிடுச்சு சார். நாலு விரலும் உள்ளங்கையோட ஒட்டிப்போச்சு. எனக்கு அப்ப நாலு வயசு."

"எந்தக் கம்பெனி?"

"நாரணாபுரம் பக்கம் ஒண்ணு" என்றார், பெயரைச் சொல்லாமல்.

மற்ற விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பும்படி சொல்லிவிட்டு வைத்தேன். குருவம்மாள் என்ற பெயரை நான் ஒரு முறை எழுத்தில் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு கைநாட்டு இருந்தது. அந்தக் கைநாட்டை வாங்கியவன் நான்.

3

நான் அப்போது ஹவுஸ் சர்ஜன். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அப்பாவின் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறை ஒன்றில் தீப்பிடித்து, காயம்பட்டவர்களை அங்கேதான் கொண்டுவந்தார்கள். உயிர்ச் சேதம் இல்லை. அந்த அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது விதி. அன்று ஆறு பேர் இருந்தார்கள். தீபாவளிச் சீசன், ஆர்டர் நெருக்கடி. ஆறு பேர் என்று தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். ஐந்தாவது ஆள் பக்கத்து அறைக்காரர் என்று சமாளித்துவிட்டார்கள். ஆறாவது ஆள் குருவம்மாள்.

இரண்டாம் நாள் காலை எங்கள் கணக்கப்பிள்ளை ஒரு தாளுடன் வந்தார். அப்பாவும் பின்னாலேயே வந்தார். தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: குருவம்மாள் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அல்ல, அங்கே லோடு ஏற்றும் வேலை பார்க்கும் கணவருக்குச் சோறு கொண்டுவந்தவர், அனுமதியில்லாமல் அறைக்குள் நுழைந்துவிட்டார். சாட்சிக் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது.

"வார்டுக்குள்ள எங்களை விட மாட்டேங்கிறாங்க. நீ டாக்டரு. போய் வாங்கிட்டு வந்துரு" என்றார் அப்பா.

"அந்தம்மா வேலைக்கு வர்ற ஆளுதான?"

"லைசென்ஸ் போச்சுன்னா முந்நூறு பேரு தெருவுல நிப்பாக. ஒருத்திக்காகவா? ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்கிடுதேன். நீ போ."

நான் போனேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முகம் வீங்கி இமைகள் மூடியிருந்தன. வலது கை முழங்கை வரை கட்டு. இடது கை விரல்களின் ஓரங்களில் அலுமினியத் தூளின் வெள்ளிப் பூச்சு கழுவியும் போகாமல் இருந்தது. சோறு கொண்டுவந்தவரின் விரல் அப்படி இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மைப்பெட்டியைத் திறந்தேன்.

"தம்பி, யாரு? டாக்டரா?" என்றார்.

"ஆமாம்மா. ஒரு கைநாட்டு வேணும்."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

"வலது கையில கட்டு இருக்குல்லம்மா."

"என்ன எழுதியிருக்கு தம்பி அதுல?"

"ஆஸ்பத்திரிப் பேப்பர்தான்" என்றேன்.

அவர் இடது கையைத் தூக்கிக் கொடுத்தார். பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் பதித்தேன். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றி விரலைத் துடைத்துவிட்டேன். "நல்லா இருப்பீக" என்றார். அடுத்த வாரம் வேறு வார்டுக்கு எனக்கு வேலை மாறியது. விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டாமலிருக்கச் செய்யவேண்டிய தோல் ஒட்டு அறுவை சிகிச்சை அவருக்கு உரிய நேரத்தில் நடந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. நடக்கவில்லை என்பது ஆகஸ்டில் அந்தப் போன் பேச்சில்தான் தெரிந்தது.

4

காளீஸ்வரி சேர்ந்த முதல் வாரம் அவர் அறைக்குப் போனேன். புத்தகப் பெட்டிகளைப் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கியிருந்தார். என்ன சொல்வது என்று நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தவை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் உதவவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். அந்தக் கம்பெனி என் அப்பாவுடையது. அந்தத் தாளில் உங்கள் அம்மாவின் கைநாட்டை வாங்கியவன் நான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், பொய் சொன்னேன்.

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

"கம்பெனி விஷயம் தெரியும் சார். வேலைக்கு விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாலயே துறையோட வெப்சைட்ல பாத்தேன். சோலைமுத்து, பிறந்தது சிவகாசின்னு போட்டிருந்துச்சு. கைநாட்டு வாங்கினது நீங்கங்கிறது இப்பத்தான் தெரியும். அம்மா 'ஒரு சின்ன டாக்டரு, மெதுவாப் பேசுவாரு'ன்னு சொல்லியிருக்காக."

"தெரிஞ்சும் ஏன் இங்க வந்தீங்க?"

"இங்கதான வேலை காலி இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் பேசியதில் கோபம் இல்லை. நோயாளியின் கோப்பை அடுத்த டாக்டரிடம் ஒப்படைப்பவர் மாதிரி வரிசையாகச் சொன்னார். தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவர் அப்பா. அதற்குப் பிறகும் அவர் அப்பாவுக்கு அதே கம்பெனியில் வேலை இருந்தது. அம்மாவுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இனிஷியல் கேட்டார்கள். அம்மா தன் பெயரின் எழுத்தைச் சொன்னார். தலைமையாசிரியர் இரண்டு முறை கேட்டும் மாற்றவில்லை. பிறகு இடது கையால் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டி மகளைப் படிக்கவைத்தார். மருத்துவம் படிக்கும்போது மகள் தன் பேராசிரியரிடம் அம்மாவை அழைத்துப்போய்க் காட்ட, இரண்டு விரல்களை மட்டும் பிரிக்க முடிந்தது.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அந்த அறையில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். இரண்டு முறையும் அவர் அதைக் கவனிக்காதவர்போல் கடந்துவிட்டார்.

"அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயந்தான் சார். ஊர்ல இன்னைக்கும் 'சோறு கொண்டு போயி கைய விட்டவ'ன்னு சொல்லுவாக. யாராவது அப்படிச் சொன்னா சாப்பிட மாட்டாக. 'நான் வேலைக்குப் போனேன், என் அளவுக்கு மருந்து செலுத்த அந்த அறையில ஆளில்ல'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. யாரும் நம்ப மாட்டாங்க. பேப்பர் இருக்குல்ல. அந்தப் பேப்பர் தப்புன்னு ஒரு பேப்பர் வேணும். தமிழ்ல. உங்க கையெழுத்தோட."

"எழுதித் தர்றேன். கூட்டத்துலயும் சொல்லிர்றேன், எல்லாத்தையும்."

"கூட்டத்துல வேண்டாம். அங்க நீங்க சொன்னா அது உங்க கதையாயிரும். எல்லாரும் உங்க தைரியத்தப் பத்திப் பேசுவாங்க. அங்க எங்க அம்மாவப் பத்தி ஒரு வரி போதும்."

5

ஊரில் கம்பெனியை இப்போது நடத்துவது என் அண்ணன். எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. இங்கே காலை, அங்கே மாலை. சீசன் நேரமாதலால் பின்னால் லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு என்ன வேணும்னாலும் செய்வோம்லே. வீடு வேணுமா, வைத்தியம் பாக்கணுமா, செய்வோம். பேப்பர் மட்டும் வேண்டாம்."

"அவங்க கேக்கிறது பேப்பர் மட்டுந்தான் அண்ணே."

"அப்பா செத்து எம்புட்டு வருஷம் ஆச்சு. ஊருக்குள்ள அவருக்கு ஒரு பேரு இருக்கு. நீ அங்கன உக்காந்து எழுதிப்புடுவ. இங்கன தெருவுல நடக்கப்போறது நானு."

"எழுதினது தப்புன்னு உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். அன்னைக்கு அந்தத் தாளை எழுதச் சொல்லி, பக்கத்துல நின்னவன் நான்தான். அதத் தெரிஞ்சுக்கிட்டா என்ன செய்யப் போற?"

அவர் வைத்துவிட்டார். எனக்கு அது அதுவரை தெரியாது. கடிதத்தில் அண்ணன் பெயரைச் சேர்க்கவில்லை. என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். அது நேர்மையா, வசதியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஒன்றரைப் பக்கம் எழுத மூன்று நாள் ஆனது. இருபத்தாறு வருடத்தில் நான் தமிழில் எழுதிய மிக நீளமான எழுத்து அதுதான். ள, ழ, ல மூன்றும் என்னைச் சிரமப்படுத்தின. மகள் மீரா விடுமுறைக்கு வந்திருந்தாள். சமையலறை மேசையில் நான் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்து, என்ன அது என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பேசினால் பாதி புரியும். ஆங்கிலத்தில் முழுவதையும் சொல்லவேண்டியிருந்தது. தாத்தாவை அவள் இரண்டு தீபாவளிகளில் மட்டும் பார்த்திருக்கிறாள். கம்பி மத்தாப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதராகத்தான் அவளுக்கு அவரைத் தெரியும்.

"அப்போது உனக்கு என்ன வயது?" என்று கேட்டாள்.

"இருபத்துமூன்று. ஹவுஸ் சர்ஜன். டாக்டர் ஆவதற்கு முந்தைய பயிற்சி."

"ஆனால் அவர் 'டாக்டரா' என்று கேட்டபோது நீ ஆமாம் என்றாய்."

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். மறுநாள் காலை, கடிதத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்க வங்கிக்குப் போனபோது தானாகவே காரில் ஏறி உட்கார்ந்தாள். வங்கியில் சான்று தரும் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன மொழி? திருமணப் பத்திரமா?" என்றார். இல்லை என்றேன். புரியாத மொழியில் இருப்பதற்கு முத்திரை போடலாமா என்று மேலாளரிடம் போய்க் கேட்டுவந்து, உள்ளே எழுதியிருப்பது என்ன என்று ஒரு வரியில் சொல்லும்படி கேட்டார்.

எனக்கு முன் மீரா சொன்னாள்: "ஒரு பெண் வேலை செய்தார் என்று எழுதியிருக்கிறது."

அந்தப் பெண் முத்திரையைக் குத்தினார்.

6

துறைத் தலைவர் திரையில் காளீஸ்வரிக்குப் போட வாணவேடிக்கைப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். "பட்டாசு ஊரிலிருந்து தீக்காய நிபுணர். இதைவிட நல்ல கதை கிடைக்குமா?" என்றார். காளீஸ்வரி விரும்பவில்லை என்று சொல்லிப் படத்தை எடுத்துவிட்டேன். தலைவருக்கு வருத்தம்தான்.

புதன்கிழமை அரங்கில் நூறு பேருக்குமேல் இருந்தார்கள். கல்லீரல் மாற்று சர்ஜன் பனிச்சறுக்குக்காரர். குழந்தைகள் சர்ஜன் ரொட்டி சுடுவார். நரம்பு சர்ஜனுக்கு இரட்டைக் குழந்தைகள். கடைசியாகக் காளீஸ்வரி மேடைக்கு வந்தார். அடையாள அட்டையில் டாக்டர் குருவம்மாள் என்று இருந்தது. படித்த இடங்களையும் வாங்கிய தகுதிகளையும் சொன்னேன். பிறகு, "இவருடைய தாயார் குருவம்மாள் பட்டாசுத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை செய்தவர். மருந்து செலுத்துவதில் தேர்ந்த தொழிலாளி. அந்த வேலையில் அவருக்கு ஒரு கை முடங்கிப்போனது. டாக்டர் அவர் பெயரைத் தன் பெயராக வைத்திருக்கிறார்" என்றேன். மேடையில் பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். மற்ற மூன்று பேருக்கும் தட்டிய அதே அளவுதான் கைதட்டினார்கள். ஏழு ஐம்பதுக்கு எல்லோரும் தியேட்டருக்குப் போய்விட்டோம்.

7

கடிதம் எம். புதுப்பட்டிக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை காலை காளீஸ்வரி கைபேசியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "அம்மா உங்ககிட்டப் பேசணும்ங்கிறாக."

திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். அந்த முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று நான் பார்த்தது வீக்கத்தைத்தான். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நல்லா இருக்கீகளா தம்பி?"

"இருக்கேம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

அவர் கடிதத்தை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். எழுத்துக் கூட்டாமல், செய்தித்தாள் வாசிப்பதுபோல, சத்தமாக. பக்கத்தில் வேறு சிலரும் உட்கார்ந்திருக்கவேண்டும். நடுவில் ஒருவர் இருமினார். அப்பா சொன்னது, கணக்கப்பிள்ளை கொண்டுவந்த தாள், விரலில் இருந்த வெள்ளிப் பூச்சு, அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய் என்று ஒவ்வொரு வரியும் அவர் குரலில் எனக்கே திரும்பி வந்தது. நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தைவிட அது நீளமாக இருந்ததுபோல் தோன்றியது. ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"'பதினோரு வருடம் வேலை பார்த்தவர்'னு எழுதியிருக்கீக. யாரு சொன்னா?"

"உங்க மகதான் சொன்னாங்க."

"அவளுக்கு என்ன தெரியும்? நான் வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்குக் கல்யாணம். பதிமூணு வருஷம்."

"சரிம்மா."

"வேலை பார்த்தது பதிமூணு வருஷம். மாத்தி எழுதி அனுப்புங்க."

மீதியையும் வாசித்து முடித்து, தாளை மடித்து, "வைக்கட்டா தம்பி" என்றார். திரை அணைந்தது. என் மனைவி அன்று மாலை, "மன்னிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சு வரவில்லை என்றேன்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். அதே பெண், அதே முத்திரை. என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார். ஒரு எண் என்றேன். அண்ணன் இதுவரை பேசவில்லை. கடிதத்தின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்; பிரித்தாரா என்று தெரியாது.

ஒரு மாதம் கழித்து, இதை ஊர்க்காரர்கள் படிக்கும் பத்திரிகைக்கு எழுதலாமா என்று காளீஸ்வரியிடம் கேட்டேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து, தியேட்டருக்கு வெளியே கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"எழுதச் சொன்னாக. ஊர்க்காரங்க படிக்கிற பத்திரிகையிலதான் எழுதணும்னாக."

"ரெண்டாவது கடிதம் வந்துருச்சா?"

"வந்துருச்சு. லேமினேட் பண்ணிட்டாக."

"சுவத்துல மாட்டியிருக்காங்களா?"

"இல்ல சார்" என்றார், முழங்கை வரை நுரையைத் தேய்த்தபடி. "ரேஷன் கார்டு, ஆதார் இருக்கிற கவருல வச்சிருக்காக."